அழைப்பு எப்போது முடிந்தது?

இணையம் வழியே பேசும்போது குரல் ஒரு தடத்தில் போகிறது; 'அழைக்கிறார்', 'எடுத்துவிட்டார்', 'வைத்துவிட்டார்' என்ற செய்திகள் வேறு தடத்தில் போகின்றன. செய்திகளைச் சுமப்பது சிப் நெறிமுறை. இன்று புழக்கத்தில் உள்ள அதன் வடிவம் 2002இல் வந்தது. குரல், பெரும்பாலும் நொடிக்கு 50 பொட்டலங்களாக ஆர்டிபி நெறிமுறை வழியே ஓடுகிறது. வழக்கமாக இரண்டும் சேர்ந்து கடக்கும் இடம், ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் இன்னொன்றைத் தொடும் எல்லையில் நிற்கும் எஸ்பிசி என்ற கருவி. அது எழுதும் சிடிஆர் என்ற அழைப்புப் பதிவுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான்.

பேசியது எதுவும் அதில் இருக்காது. யார் யாரை அழைத்தார், எப்போது எடுத்தார்கள், எப்போது, எதனால் முடிந்தது என்பவை இருக்கும். முடிந்த காரணம் எண்ணாக இருக்கும்: 16 என்றால் இயல்பாக வைத்துவிட்டார்கள். 17 என்றால் மறுமுனை பிஸி. எத்தனை பொட்டலங்கள் தொலைந்தன என்பதையும் பல கருவிகள் குறித்துவைக்கின்றன.

பில் ஓடத் தொடங்குவது 'அழைக்கிறார்' என்று சொல்லும் 'இன்வைட்' செய்தி கிளம்பிய நொடியில் அல்ல, 'எடுத்துவிட்டார்' என்று சொல்லும் '200 ஓகே' வந்த நொடியில். மோசடி நுழைவதும் இங்கேதான். இடையில் உள்ள நிறுவனம் யாரும் எடுக்காதபோதே '200 ஓகே' அனுப்பிவிடும். அழைத்தவர் காதில் போலி மணி ஒலித்துக்கொண்டிருக்கும். ஒரு பதிவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கான பதிவுகளை வழித்தடம் வாரியாகப் பிரித்தால் தெரிந்துவிடும்: ஒரு வழித்தடத்தில் மட்டும் ஏறக்குறைய எல்லா அழைப்புகளும் 'எடுக்கப்பட்டு', அவற்றில் பல ஒருசில நொடிகளிலேயே முடிந்திருக்கும்.

தொடக்கத்தைவிட முடிவுதான் சிக்கல். போனை வைத்ததும் 'பை' என்ற செய்தி வர வேண்டும். ஒருவரின் இணைப்பு திடீரென அறுந்தால் அது வராது. இருவரும் இன்னும் பேசுவதாகவே எஸ்பிசி நம்பும். மறுநாள் பதிவில் பல மணி நேர உரையாடல் நிற்கும். இதற்காக 2005இல் ஒரு டைமர் வரையறுக்கப்பட்டது: அழைப்பு உயிரோடு இருப்பதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட காலம் 1,800 நொடிகள். அரை மணி நேரம் பில்லுக்கு மிக நீண்ட பிழை. ஆகவே குரல் பொட்டலங்கள் நின்றதையும் எஸ்பிசி கவனிக்கிறது. அதிலும் எச்சரிக்கை வேண்டும். அழைப்பை ஹோல்டில் வைத்தாலும் பொட்டலங்கள் நிற்கக்கூடும். அறுந்துபோன அழைப்புக்குக் கடைசிப் பொட்டலம் வந்த நேரத்தையே முடிவாகக் கொள்வதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

எழுதிய பதிவும் பில்லிங் சர்வருக்குப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். பல இடங்களில் ரேடியஸ் நெறிமுறையில் தொடக்கம், இடைக்காலம், முடிவு என்று பதிவுகள் அனுப்பப்படுகின்றன. இடைக்காலப் பதிவைச் சுமை என்று அணைத்துவைப்பவர்கள் உண்டு. எஸ்பிசி நடுவில் நின்றுபோனால் முடிவுப் பதிவு வராது. அழைப்பு அதுவரை நடந்ததற்குச் சர்வரிடம் மிஞ்சும் சாட்சி அந்த இடைக்காலப் பதிவு மட்டுமே.