பேனரில் எழுதாத வரி

மதுரையில் காதுகுத்துக்கும் பேனர், கல்யாணத்துக்கும் பேனர், சாவுக்கும் பேனர். உயிர் பிரிந்த மறுநாள் விடிவதற்குள் தெருமுனையில் 'கண்ணீர் அஞ்சலி' எழுந்து நின்றுவிடும். 2022-ல் என் நண்பனுக்கும் நின்றது. கூலிங் கிளாஸ், தோல் ஜாக்கெட், பழைய புல்லட், பின்னால் மேகமலைத் தேயிலைத் தோட்டம். 'சாலைகளின் காதலனே' என்று தலையில் ஒரு வரி, கீழே நாலு வரிசையில் எங்கள் பெயர்கள். எந்த நோயில் போனான் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமும், "கொஞ்ச நாளா உடம்புக்கு முடியாம இருந்துச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வாய்ப்புற்றுநோய். வயது 46.

அவன் பெயர் இங்கே வேண்டாம். சேர்ந்து வண்டி ஓட்டுகிற எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரும் பங்காளிதான். இங்கேயும் பங்காளி என்றே இருக்கட்டும்.

மோட்டார் வண்டி மதுரைக்குப் புதிதல்ல. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொழில் தொடங்கிய ஊர் இது. அந்தக் குடும்பத்தின் நிறுவனம் 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டைக் கொண்டுவந்த பிறகு, பால் கேன், நெல் மூட்டை, பூக்கூடை, மூன்று பிள்ளைகள் என எல்லாம் அதில் ஏறின. பங்காளி வண்டி பழகியதும் அப்பாவின் டி.வி.எஸ். 50-ல்தான். பிறகு லேத் பட்டறை வைத்தான். கையில் காசு சேர்ந்ததும் வார்ப்பிரும்பு இன்ஜின் வைத்த பழைய புல்லட் ஒன்றைப் பிடித்தான். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். 1955-ல் திருவொற்றியூரில் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் பிறந்த வம்சம்.

அந்த வண்டியை ஸ்டார்ட் செய்வதை இன்றைய பையன்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பட்டன் கிடையாது. முதலில் கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஹெட்லைட் மேலே சின்னதாக ஓர் ஆம்பியர் மீட்டர், அதில் ஒரு முள். அது ஒரு பக்கம் சாயும், பிறகு நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்தால் பிஸ்டன் மேலேறி நிற்கிறது என்று அர்த்தம். இடது கையில் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை ஒரு விரற்கடை மட்டும் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் உடம்பு எடை முழுவதும் இறங்க ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் போய்விடும். பங்காளி ஒரு நாளும் இரண்டாவது உதை உதைத்ததில்லை. வேறு யார் வண்டியாவது தெருமுனை திரும்பும்போதே, "டேப்பட் லூஸா இருக்கு, பட்டறைக்கு வரச் சொல்லு" என்பான். வந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் மேற்கே போகும். நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், அப்புறம் தேனி. கணவாயில் காற்று வண்டியைத் தள்ளும். போடிமெட்டு ஏறினால் கேரளக் குளிர். எல்லாருக்கும் மலைதான் பிடிக்கும், படம் எடுக்க வாகான இடம். பங்காளிக்குக் கிழக்குதான் பிடிக்கும். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், தண்ணீர் இல்லாத கண்மாய், தலைக்கு நேரே வெயில், வளைவே இல்லாத ரோடு. "மலையில வளைவு உன்னைய முழிக்க வைக்கும்டா. பொட்டல்ல நீயாத்தான் முழிச்சிருக்கணும்" என்பான். 2017-ல் தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறந்தபோது, எங்களில் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் அவன்தான். அதுவரை மணலில் வேனில் ஆடிக்கொண்டு போன இடம்.

கூட்டமாகப் போகும்போது பங்காளி முன்னால் போக மாட்டான். கடைசி வண்டி அவனுடையது. புதிதாகச் சேர்ந்தவன், பஞ்சர் ஆனவன், பெட்ரோல் தீர்ந்தவன் யாரும் அவனைத் தாண்டிப் பின்தங்க முடியாது. வேகமாக ஓட்டுகிறவனைப் பற்றி ஊர் பேசும். கடைசியில் வருகிறவனை நம்பித்தான் மற்றவர்கள் முறுக்குகிறார்கள் என்பது, கூட்டத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பொட்டல் முழிப்புக்கு அவன் வைத்திருந்த மருந்துதான் அவனைக் கொண்டுபோனது. மத்தியானம் பொட்டல் ரோட்டில் கண் சொக்கும். டீ பத்தாது. கடைவாயில் ஒரு சிட்டிகை ஒதுக்கிக்கொண்டால் அடுத்த டீக்கடை வரைக்கும் தாங்கும் என்பது லாரி ஓட்டுகிறவர்களிடமிருந்து வந்த பழக்கம். முதலில் வெறும் பாக்கு, பிறகு புகையிலை கலந்தது, அப்புறம் வண்டியில் ஏறாத நாளிலும் அது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-லேயே தடை வந்தது. தடை வந்த சரக்கு எந்தப் பெட்டிக்கடையில் எந்த டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் என்பது கேட்டு வாங்குகிறவனுக்குத் தெரியும். புகையிலை இல்லாத வெறும் பாக்குகூடப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. 'நான் போயிலை போடுறதில்லை, பாக்குதான்' என்கிறவர்கள் இதை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

நோய் திடீரென்று வரவில்லை. கறி தோசைக்காகவே விளக்குத்தூண் பக்கம் போகிற ஆள், ஒரு கட்டத்தில் தயிர் கேட்க ஆரம்பித்தான். காரம் எரிகிறதாம். பரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாப்பிட்டான். வாய் முழுதாகத் திறக்கவில்லை. பிறகு, முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட்டை விட்டுவிட்டு, முன்பக்கம் திறந்த பழைய மாடல் ஹெல்மெட்டோடு வந்தான். புல்லட்டுக்கு அதுதான் எடுப்பு என்று கூட்டத்தில் பாராட்டுகூடக் கிடைத்தது. உண்மையில், மூடிய ஹெல்மெட்டின் தாடைப் பஞ்சு, வலது கன்னத்து வீக்கத்தில் அழுத்தி வலித்திருக்கிறது. அவன் மனைவி இதைச் சொன்னது பின்னாளில்தான். "ஒங்ககிட்டயெல்லாம் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருண்ணே."

மோட்டார் சைக்கிள் உலகத்தில், ரோட்டில் தப்பியவனைப் புற்றுநோய் பிடிக்கிற கதை பழையது. இங்கிலாந்தின் பாரி ஷீன் 1976, 77 இரண்டு வருஷமும் 500 சி.சி. பிரிவில் உலக சாம்பியன். 1975-ல் டேடோனாவில் மணிக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர் வேகத்தில் பின் டயர் போய் விழுந்து, தொடை எலும்பு, விலா, காரை எலும்பு எல்லாம் உடைந்து, சில வாரங்களில் மறுபடி பந்தயத்தில் நின்றவர். அந்த மனுசன் தன் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் ஓட்டை போட்டு வைத்திருந்தார். கொடி விழும் வரை சிகரெட் பிடிப்பதற்காக. ரோடு விட்டுவைத்தவரை உணவுக்குழாயிலும் வயிற்றிலும் வந்த புற்றுநோய் 2003 மார்ச்சில் கொண்டுபோனது. வயது 52. கீமோதெரபி வேண்டாம் என்று மறுத்து, உணவு மருத்துவத்தை நம்பினார்.

நடிகர் ஸ்டீவ் மெக்குவினும் அப்படித்தான். 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டும் அந்தப் பிரபலமான தாவலை உண்மையில் செய்தவர் அவருடைய நண்பர் பட் ஈகின்ஸ். 1964-ல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் இருவரும் ஒரே அணியில் ஓட்டினார்கள். மெக்குவினுக்கு வந்தது ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு தொடர்புள்ள புற்றுநோய். அமெரிக்க டாக்டர்கள் கைவிரித்ததும் மெக்சிகோவுக்குப் போய், பாதாம் இனக் கொட்டையிலிருந்து எடுத்த ஒரு சரக்கை மருந்தென்று ஏற்றிக்கொண்டார். 1980 நவம்பரில் இறந்தார். பட் ஈகின்ஸ் நண்பனுக்குப் பிறகு 27 வருஷம் வாழ்ந்தார்.

இவர்களை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பங்காளியும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வாட்ஸ்அப்பில் முள்சீத்தா இலை வந்தது, போட்டுக் குடித்தான். யாரோ ஒரு கிராமத்து வைத்தியர் பொடி கொடுத்தார், மாசக்கணக்கில் தின்றான். இன்ஜினில் சத்தம் வந்தால் அன்றைக்கே ஹெட்டைக் கழற்றிப் பார்க்கிற ஆள்! கத்தி வைத்தால் நோய் பரவிவிடும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கத்தியால் புற்று பரவாது. காத்திருந்தால் பரவும்.

கடைசியில் போனான். தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள், நெஞ்சிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்தார்கள். அப்புறம் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு என்று டாக்டர்தான் சொல்வார், வார்டில் எல்லாருக்கும் அது கரண்ட். தலை அசையக் கூடாது என்பதற்காக முகத்தின் அச்சிலேயே பிளாஸ்டிக் வலை முகமூடி செய்து மேஜையோடு சேர்த்து மாட்டுவார்கள். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, டெக்னீஷியன் பையனிடம் குழறலாகக் கேட்டானாம்: "தம்பி, இதுல ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா?" பையனுக்குப் புரிய நேரமானதாம். புரிந்ததும் சிரித்திருக்கிறான்.

கரண்ட் முடிந்தபின் எச்சில் ஊறுவது நின்றுபோனது. எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில். மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி. அந்த நிலையிலும் ஒருநாள் என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து அழகர்கோவில் ரோட்டில் ஒரு சுற்று வந்தான். நத்தம் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்த நேரம். புழுதிக்கு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேலே கை காட்டி, 'திறக்கட்டும், ஒரு கை பார்ப்போம்' என்பதுபோல் ஜாடை செய்தான். 7.3 கிலோமீட்டர் பாலம் 2023 ஏப்ரலில் திறந்தது. அதற்கு முன்பே கழுத்தில் கட்டி திரும்பி வந்து அவன் போய்விட்டான். தத்தனேரி வரைக்கும் புல்லட்கள் ஹெட்லைட் போட்டுக்கொண்டு முன்னால் போயின. கொட்டுச் சத்தத்தில் இன்ஜின் சத்தம் கேட்கவில்லை.

அவன் மனைவி வண்டியை விற்கவில்லை. மகள் கல்லூரி முடித்ததும் ஓட்டட்டும் என்கிறாள். வலது கால் கியர் பழக அந்தப் பெண்ணுக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

நண்பனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது சுலபம். பேனரில் அதைத்தான் எழுதினோம். ரோட்டில் விபத்தில் செத்தால் ஹெல்மெட் போட்டிருந்தானா என்று ஊரே கேட்கிறது. வாயில் புற்று வந்து செத்தால் யாரும் வாயைத் திறப்பதில்லை. மரியாதை என்று நினைத்துச் செய்கிற இந்த மறைப்பு, பக்கத்தில் நிற்கிற அடுத்த ஆளுக்குச் செய்கிற துரோகம் என்பது என் அபிப்பிராயம். நோயின் பெயரைச் சொன்னதால் பங்காளியின் மதிப்பு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை.

இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள், சந்தேகப்பட்டவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். அவ்வளவுதான். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

இப்போதெல்லாம் எங்கள் கூட்டம் கிளம்பும் முன், காற்று, செயின், பிரேக் பார்த்த பிறகு இன்னொன்றும் நடக்கிறது. செல்போன் டார்ச்சை அடித்து ஒருவர் வாயை ஒருவர் பார்க்கிறோம். மூன்று விரலைச் செங்குத்தாக வைத்தால் பல்லுக்கு இடையே போகிறதா என்றும் பார்க்கிறோம். டீக்கடைக்காரர் எங்களை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார். பார்க்கட்டும். இரண்டு பேர் பாக்கை விட்டிருக்கிறார்கள், ஒருவர் விட்டதாகச் சொல்கிறார்.

நீங்களும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது குறைவது, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி என்று இதில் எது இருந்தாலும் பொடி வாங்கப் போகாதீர்கள். பக்கத்துப் பல் டாக்டரிடம் காட்டினாலே போதும், மேற்கொண்டு எங்கே போவது என்று அவர் சொல்வார். மதுரையில் பாலரெங்காபுரத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. போகும்போது குடும்ப அட்டையையும் ஆதாரையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.