சுவரில் பூத்த பூசணம்: பொறுப்பு யாருடையது?



பிழைப்புக்காக பெங்களூருக்கு வந்து, பத்து மாத வாடகையைக்கூட முன்பணமாகக் கொடுத்து வீடு பிடித்த குடும்பங்கள் நம்மில் அநேகம். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரம் இரு பருவமழைகளிலும் நனைகிறது. செப்டம்பர் மாதம் வந்தால் பீரோவின் பின்னே கறுப்பும் பச்சையுமாய்ப் பூசணம் பூக்கிறது; பிள்ளை இரவெல்லாம் இருமுகிறது. "நீங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை" என்கிறார் வீட்டுக்காரர். "உங்கள் சுவரில்தான் ஓதம்" என்கிறார் குடியிருப்பவர்.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்ததுண்டா? தோலிலும் வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் தோஷத்துக்கு எபிரெயத்தில் ஒரே சொல்தான். வீட்டுக்கு உடையவனே போய் ஆசாரியனிடம் அறிவிக்கவேண்டும். வீடு ஏழு நாள் அடைக்கப்படும். தோஷம் படர்ந்திருந்தால் கல்லைப் பெயர்த்து, சாந்தைச் சுரண்டி, வேறே கல்லும் வேறே சாந்தும் வைக்கவேண்டும். மேலே வெள்ளையடித்து மறைக்கும் வழி அங்கே சொல்லப்படவில்லை!

எண்ணெய் பூசி வீட்டை ஜெபிக்க அழைக்கிறவர்கள் உண்டு. ஜெபிப்போம், மாடிக் குழாயையும் பார்ப்போம். மழைக்குப்பின் கூரையில் படரும் கறை மொட்டைமாடி விரிசலால் வரலாம். மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே எப்போதும் ஈரமிருந்தால் குழாய்க் கசிவாயிருக்கலாம். இவை கட்டடத்தின் குறைகள். அறைக்குள்ளே துணி உலர்த்தி, ஜன்னலை அடைத்துச் சமைத்தால் அந்த நீராவி குளிர்ந்த மூலைகளில் படியும். அது நம் பங்கு. ஈரத்தின் மூலத்தை அடைக்காமல் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்தால் பூசணம் மறுபடியும் வரும். அதோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்துவிடாதிருங்கள்; நச்சுவாயு எழும்பும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம், பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகை வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே பெரும்பாலோருக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவுதான். எளிதில் கண்டறியமுடியாத பெருங்குறையை வீட்டுக்காரர் முன்பே சொல்லவேண்டும். அவர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவித்தபின்னும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் "கடமைப்பட்ட" என்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஓதம், கசிவு பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறதா? 2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம் கட்டமைப்புப் பழுதுகளை வீட்டுக்காரர்மேலும், சாக்கடை சுத்தம் போன்றவற்றைக் குடியிருப்பவர்மேலும் வைக்கிறது. ஆயினும் மாநிலம் ஏற்றால்தான் அது சட்டம்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020ஆம் ஆண்டு அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை பூசணம் படர்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்து மரித்தது. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். வாழும் முறையே காரணமென்று அவர்கள்மேல் பழி போடப்பட்டது. அக்குழந்தையின் பெயரால் அங்கே 2023இல் சட்டம் வந்தது.

இன்று நம் விசுவாசிகளில் பலர் மாடி கட்டி வாடகைக்கு விடுகிறவர்களாகவும் இருக்கிறார்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை: காலிசெய்யும்போது பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கிறீர்களே, உங்கள் மொட்டைமாடி விரிசலால் கறுத்த சுவருக்கும் அதைப் பிடிப்பது நியாயமா? குடிபுகும் நாளிலேயே இருவருமாய் நின்று ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கசிவு கண்ட அன்றே தேதியிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல் முன்பணம் திருப்பும் நாளில் நிற்பதில்லை.