மட்டை தெரியும், ஆட்டம் தெரியுமா?

பேஸ்பால் மட்டையைப் பார்க்காத கெடாக்காரர் இருக்க மாட்டார். கார் பூட்டில் பார்த்திருப்போம். காவலாளி அறையின் மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். படத்தில் வில்லனின் கையில் இருக்கும், சில வேளை நாளேட்டின் குற்றச் செய்தியிலும் வரும். அந்த மட்டையை வைத்து ஆடும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டால்தான், கை தூக்குகிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள்.

வானொலி நிகழ்ச்சியில் ஒருநாள் விளையாட்டுச் செய்திக்கிடையே ஷோஹெய் ஓதானியின் பெயரைச் சொன்னேன். அன்று தொடங்கியது. சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ், அலோர் ஸ்டார் என்று புலனத்தில் குரல் பதிவுகள் வந்து குவிந்தன. "அது கிரிக்கெட்டுதானே, அமெரிக்காக்காரன் பேரை மாத்திட்டானா?" என்றார் லோரி ஓட்டும் ஓர் அண்ணன். நேரலையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினால் அடுத்த பாட்டு கதவைத் தட்டும். அதனால் அடிக்கடி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

இது கிரிக்கெட்டின் தம்பியா?

பங்காளி என்று சொல்லலாம். இங்கிலாந்தில் பிள்ளைகள் ஆடிய மட்டைப் பந்து ஆட்டங்களின் வழியில் வந்தவைதான் இரண்டும். பள்ளியில் ரவுண்டர்ஸ் ஆடியவர்களுக்குப் பேஸ்பால் பாதி தெரியும். கிட்டிப்புல் ஆடியவர்களுக்கும் மட்டையை எப்போது வீச வேண்டும் என்ற கைக்கணக்கு இருக்கும்.

திடலில்தான் முதல் வேறுபாடு. கிரிக்கெட்டில் பந்தை எந்தப் பக்கமும் அடிக்கலாம். பேஸ்பாலில் அடிப்பவருக்கு முன்னால் விரியும் கால்வட்டத்துக்குள் பந்து போனால்தான் அது கணக்கு. கோட்டுக்கு வெளியே போனால் ஃபவுல். சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள் இருக்கும். ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கு 27.43 மீட்டர். இரண்டு பூப்பந்து மைதானங்களை நீளவாக்கில் ஒட்டிப் போட்டால் ஏறக்குறைய அந்தத் தூரம் வரும்.

ஓர் அணிக்கு ஒன்பது பேர், ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரு அணிகளும் மாறி மாறி மட்டை பிடிக்கும். மூன்று பேர் அவுட்டானால் முறை மாறும். கிரிக்கெட்டில் பந்தை அடித்துவிட்டு ஓடாமல் நிற்கலாம். இங்கே சரியான பகுதிக்குள் அடித்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும். மூன்று தளங்களையும் தொட்டு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால் ஒரு ஓட்டம்.

சிக்சர் என்றால் எப்போதும் ஆறு. ஹோம் ரன்னுக்கு அப்படி ஒரே விலை கிடையாது. பந்து வேலியைத் தாண்டும்போது தளங்களில் யாரும் இல்லையென்றால் ஒரு ஓட்டம், மூன்று பேர் நின்றிருந்தால் அடித்தவரையும் சேர்த்து நான்கு ஓட்டம்.

ஸ்டிரைக், பால், அவுட்: எது எது?

பந்தை எறிபவர் பிட்சர். அவர் 18.44 மீட்டர் தூரத்திலிருந்து, தரையில் குத்தாமல் நேராக எறிவார். அடிப்பவரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில், கீழே பதித்திருக்கும் தட்டுக்கு மேலாக ஒரு கற்பனைச் சட்டம் உண்டு. பந்து அந்தச் சட்டத்துக்குள் வந்து, அடிக்காமல் விட்டால் ஸ்டிரைக். வீசிக் கோட்டை விட்டாலும் ஸ்டிரைக். மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். சட்டத்துக்கு வெளியே போகும் பந்தை அடிக்காமல் விட்டால் அதற்குப் பெயர் பால். நான்கு பால் சேர்ந்தால் அடிப்பவர் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்து போகலாம்.

ஃபவுல் அடித்தால்? முதல் இரண்டு முறை அது ஸ்டிரைக்காகச் சேரும். மூன்றாவது ஸ்டிரைக்காக மட்டும் பொதுவாக அதைச் சேர்ப்பதில்லை. அதனால்தான் சிலர் ஃபவுலாகவே அடித்து அடித்துப் பிட்சரைக் களைப்பாக்குகிறார்கள்.

மற்றபடி, தரையில் படுமுன் பந்தைப் பிடித்தால் அவுட். ஓடி வருபவர் தளத்தைத் தொடுவதற்குள் பந்தோடு இருக்கும் எதிரணிக்காரர் அந்தத் தளத்தை மிதித்தாலும் அவுட்தான், ஓடுபவர் ஓடியே ஆக வேண்டிய நிலையில் இருந்தால். இல்லையென்றால் பந்தால் அவரைத் தொட்டாக வேண்டும். இந்த மூன்றும் புரிந்தால் ஆட்டத்தை ரசிக்கலாம்.

"விடிய விடிய ஆடுவாங்களோ?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். முன்பு அமெரிக்க ஆட்டங்கள் மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தன. 2023-இல் கடிகாரம் வைத்தார்கள். தளங்களில் ஆள் இல்லாதபோது பிட்சர் 15 விநாடிக்குள் எறியத் தொடங்க வேண்டும். இப்போது சராசரியாக இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலே போகிறது. ஏறத்தாழ நம் தமிழ்ப்படக் கணக்குதான்.

பந்துக்குள் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி கேட்டவருக்குத் தனி நன்றி. இதற்கான பதில் நம் ஊர் வரை வருகிறது.

நடுவில் தக்கை. அதைச் சுற்றி இரண்டு அடுக்கு ரப்பர். அதற்கு மேல் கம்பளி நூலை இறுக்கிச் சுற்றுவார்கள். கடைசியாக மாட்டுத்தோல் போர்த்தி, சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல். எடை 142 முதல் 149 கிராம். அமெரிக்கப் பெருங்குழுக்கள் ஆடும் பந்துகளைக் கோஸ்டா ரிகா நாட்டில் இன்றும் கையால்தான் தைக்கிறார்கள்.

என் பாட்டி பீடோங் பக்கம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துப் பிள்ளைகள் ஒட்டுப்பாலை இழுத்து, உருட்டி, சுற்றிச் சுற்றிப் பந்து செய்வார்கள் என்று சொல்வார். எந்தத் திசையில் துள்ளும் என்று பந்துக்கே தெரியாதாம். பேஸ்பாலின் உள்ளே இருப்பதும் அதே வித்தைதான்: துள்ளும் நடு, அதைச் சுற்றி இறுக்கம்.

அந்த நடுவில் இருக்கும் ரப்பருக்கு ஒரு கதை உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கியது. கெடாவின் ஜித்ராவில் பிரிட்டிஷ் அரண் உடைந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்தது. மலாயா ரப்பரைப் பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவுக்கு அந்த வரத்து நின்றுபோனது. இருந்த ரப்பர் போருக்குத் தேவைப்பட்டது, விளையாட்டுப் பந்துக்குக் கொடுக்க மிச்சமில்லை. 1943 பருவத்துக்குப் பாலாட்டா என்ற வேறொரு மரத்தின் பாலைக் கொண்டு பந்து செய்தார்கள். அந்தப் பந்தில் உயிர் இல்லை. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தூரம் போகவில்லை. ஓட்டங்கள் வறண்டன, ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பருவம் தொடங்கிய வேகத்திலேயே பந்தை மாற்ற வேண்டியதாயிற்று.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, காண்டா வாளி சுமந்த நம் முன்னோரில் பேஸ்பாலைக் கண்ணால் பார்த்தவர்கள் அரிது. ஆனால் அவர்கள் உழைப்பு வந்து சேராதபோது, உலகின் அந்தக் கோடியில் பந்து எழும்பவில்லை. "இதுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்.

பிள்ளைக்கு எதை வாங்குவது?

முதலில் விலையுயர்ந்த மட்டை வேண்டாம். ஒரு ரப்பர் பந்தோ டென்னிஸ் பந்தோ போதும். எறிந்து பிடிக்கப் பழகட்டும்.

பிறகு கையுறை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வலக்கையால் எறியும் பிள்ளைக்கு இடக்கையில் மாட்டும் உறைதான் வேண்டும். எறியும் கை காலியாக இருக்க வேண்டுமல்லவா? கடையில் "வலக்கைக்காரருக்கு" என்று கேட்டு, மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

உண்மையான பேஸ்பால் கல் மாதிரி. தலைக்கவசம் இல்லாமல் அந்தப் பந்தை யாரையும் எதிர்கொள்ள விடாதீர்கள். பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் கேட்சருக்கு முகக்கூண்டு, நெஞ்சுக்கவசம், முழங்கால் காப்பு எல்லாம் வேண்டும். மட்டையில் மரமும் உண்டு, அலுமினியமும் உண்டு. அமெரிக்கப் பெருங்குழுக்களில் மரத்துக்கு மட்டுமே அனுமதி.

இடைநிலைப்பள்ளியில் மகள் ஆடுவது சாஃப்ட்பாலா என்றும் கேட்டு வையுங்கள். நம் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளில் பேஸ்பாலைவிட நமக்குப் பழக்கமானது அதுதான். பெயரில்தான் மென்மை. பந்தின் சுற்றளவு 12 அங்குலம், பேஸ்பாலுக்கோ 9 அங்குலம்தான். சாஃப்ட்பாலில் கையைக் கீழிருந்து சுழற்றி எறிவார்கள். தளங்களின் இடைவெளியும் 18.29 மீட்டராகச் சுருங்கும்.

எந்த அணி, எந்த ஆட்டக்காரர்?

அமெரிக்கப் பெருங்குழுக்கள் 30. அவற்றில் டொரொண்டோ மட்டும் கனடாவைச் சேர்ந்தது. 1903-இல் தொடங்கிய உலகத் தொடரை 2024-இலும் 2025-இலும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் வென்றது. ஜப்பானில் 12 அணிகளும் தென்கொரியாவில் 10 அணிகளும் கொண்ட தொழில்முறைக் குழுக்கள் உண்டு.

டாட்ஜர்ஸில் ஆடும் ஜப்பானியர் ஓதானி பிட்சராகவும் எறிவார், மட்டையும் பிடிப்பார். இந்த இரண்டையும் உச்சத்தில் செய்கிறவர்கள் மிக அரிது. 2024-இல் 54 ஹோம் ரன் அடித்து, 59 தளங்களைத் திருடினார். திருடுவது என்றால், எதிரணி அசரும் நேரத்தில் அடுத்த தளத்துக்குப் பாய்வது. ஒரே பருவத்தில் இரண்டிலும் 50-ஐத் தொட்டவர் அவருக்கு முன் யாருமில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் ஜாக்கி ராபின்சன். கறுப்பினத்தவருக்கு நெடுங்காலம் கதவடைத்திருந்த பெருங்குழுக்களில் 1947-இல் நுழைந்து, வசைகளைப் பொறுத்து ஆடியவர். அவருடைய 42-ஆம் எண்ணை 1997-இல் எல்லா அணிகளிலும் ஓய்வுபெறச் செய்தார்கள்.

"நம்ம ஆளு யாராவது?" உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் ஈட்டி எறிந்த இளைஞர்கள். 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டி வழியாகப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் துணை அணிகளுக்குப் போனார்கள். அவர்கள் கதையை 2014-இல் டிஸ்னி படமாக்கியது, இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். மல்யுத்தம் பார்க்கும் தம்பிகளுக்கு ரிங்குவை வீர் மகான் என்ற பெயரில் தெரிந்திருக்கும். இந்திய வம்சாவளித் தாயின் மகனான குமார் ராக்கர், 2024-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸின் பிட்சராகப் பெருங்குழுவிலேயே களமிறங்கினார்.

இருபது பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஆட முடியுமா?

பாடாங் செராய் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அனுப்பிய குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். "எங்க தமிழ்ப்பள்ளியில மொத்தமே இருபது சொச்சம் பிள்ளைங்க. ஆம்பளப் பசங்கள மட்டும் வெச்சு ஒரு டீம் சேராது. பொம்பளப் பிள்ளைங்க ஓரமா உக்காந்து பாக்குதுங்க. இதுல ஏதாவது வழி இருக்கா?"

தோட்டங்கள் துண்டாகி, குடும்பங்கள் பட்டணத்துக்குப் போன பிறகு, திடல் பெரிதாகவும் பிள்ளைகள் குறைவாகவும் இருக்கும் பள்ளிகள் கெடாவில் உண்டு. 150-க்கும் குறைவான மாணவர்கள் இருந்தாலே அது குறைந்த மாணவர் பள்ளிதான். இருபது என்பது இன்னும் சின்ன வட்டம்.

அம்மா, வழி இருக்கிறது. பெயர் பேஸ்பால்5. உலகப் பேஸ்பால் சாஃப்ட்பால் சம்மேளனம் உருவாக்கிய ஆட்டம். மட்டை வேண்டாம், கையுறை வேண்டாம், ஒரு ரப்பர் பந்து மட்டும் போதும். ஓர் அணிக்கு ஐந்து பேர், ஐந்து இன்னிங்ஸ். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் ஆட வேண்டும். கலப்பு அணியின் ஐவரில் குறைந்தது இரண்டு பெண்கள் களத்தில் இருந்தாக வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளை இல்லாமல் ஆட்டமே தொடங்காது.

தளங்களின் இடைவெளி 13 மீட்டர், ஒரு பூப்பந்து மைதானத்தின் நீளம். பந்தை உள்ளங்கையாலோ முட்டியாலோ அடிக்க வேண்டும். அது குறைந்தது 4.5 மீட்டர் தாண்டி, களத்துக்குள்ளேயே தரையில் குத்த வேண்டும். தரையில் படாமல் வெளியே பறந்தால் அவுட். ஆக, பலசாலிக்கு மட்டும் சொந்தமான ஆட்டம் இல்லை, பார்த்து அடிப்பவருக்கும் பாய்ந்து ஓடுபவருக்கும் இடமுண்டு. இதன் ஆசியக் கிண்ணம் 2022 ஆகஸ்டில் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. 2026 டக்கார் இளையோர் ஒலிம்பிக்கிலும் இது இடம் பெற்றிருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பால், சாஃப்ட்பால், கிரிக்கெட் மூன்றுமே உண்டு.

சின்னப் பள்ளி என்ன சாதிக்கும் என்று கேட்டால், தைவானின் தைதுங் மலைப்பகுதியில் ஹொங்யே என்ற பழங்குடிக் கிராமத்தைக் காட்டுவேன். வசதி இல்லாத அந்தத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கம்பையும் கல்லையும் வைத்துப் பழகினார்கள். 1968-இல் ஜப்பானிலிருந்து வந்த சிறுவர் அணியைத் தோற்கடித்தார்கள். பெயர் மாற்றி ஆடியவர்களும் அந்த அணியில் இருந்தது பின்னர் தெரிந்து வழக்கானது. ஆனால் அவர்கள் மூட்டிய ஆர்வம் அணையவில்லை. தைதுங் பிள்ளைகளின் பேஸ்பால் அணி ஒன்றின் படம் இன்று தைவானின் 500 டாலர் நோட்டில் இருக்கிறது. 2024-இல் உலகப் பிரீமியர்12 இறுதியாட்டத்தில் ஜப்பானை 4-0 என்று வென்றதும் அதே தைவான்தான்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு வார்த்தை கேளுங்கள். தேவைப்படுவது சுண்ணாம்பால் போட்ட நான்கு மூலைகள், பத்துப் பிள்ளைகள், ஒரு ரப்பர் பந்து. ரப்பருக்குக் கெடாவில் பஞ்சம் இருந்ததில்லை.