சேத்தூரைச் சுற்றி சைக்கிளில்: வண்டித் தொல்லை இல்லாத பாதையை போனிலேயே தேடலாம்!

காலையில ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டணும்னு ஆசை இருக்கு, ஆனா ரோட்டுல லாரியும் பஸ்ஸும் போற வேகத்தைப் பாத்தா பயமா இருக்கு. சேத்தூர், ராஜபாளையம் பக்கம் இருக்கிற பலரும் சொல்றது இதுதான். திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை (எண் 744) ஊரை ஒட்டியே போகுது. அரசு தந்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்கூடம் போற பிளஸ் 1 மாணவர்களும் அந்த ரோட்டைத்தான் கடக்க வேண்டியிருக்கிறது.

வாகனம் வராத, அல்லது குறைவாக வரும் பாதைகள் நம் ஊரைச் சுற்றியும் இருக்கின்றன. அவற்றில் எதில் போகலாம், எதில் போகக் கூடாது என்பதை உங்கள் கையில் இருக்கும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போமா?

பழைய சுரங்கப் பாதை சைக்கிள் பாதை ஆன கதை

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வால் என்ற பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் செம்புச் சுரங்கங்களுக்குப் பேர்போன இடம். சுரங்கத்தில் எடுத்த தாதுவை போர்ட்ரீத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1809-ல் ஒரு தண்டவாளப் பாதை போடத் தொடங்கினார்கள். வண்டிகளை இழுத்தவை குதிரைகள். தாது கப்பலேறிப் போகும். வரும்போது சுரங்கத்து இயந்திரங்களுக்கு நிலக்கரி வரும்.

பின்னாளில் சுரங்கங்கள் மூடப்பட்டன. தண்டவாளங்களும் போயின. ஆனால் அந்தப் பாதை ஓடிய நிலம் நீளவாக்கில் அப்படியே மிச்சம் இருந்தது. அதைச் சீர்செய்து, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். இன்று வடக்குக் கடற்கரையில் போர்ட்ரீத்தில் ஏறி மிதித்தால், பழைய சுரங்கக் காடுகள் வழியாக, தெற்குப் பக்கம் டெவரான் வரை சுமார் 18 கிலோமீட்டர் போகலாம். பெரும்பகுதி வாகனம் இல்லாத பாதை. இந்தச் சுரங்க நிலப்பரப்பை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. பாரம் இழுக்கும் குதிரைக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் மெதுவாக இருக்கும். அதுவே சைக்கிளுக்கும் வசதி. பாதை நடுவில் அறுபடாமல் தொடர்ந்தது. மூன்றாவது, பொதுமக்கள் அதில் போவதற்கு உரிமை உறுதி செய்யப்பட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது 'சைக்கிள் பாதை'. சும்மா காலியாகக் கிடக்கும் மண் ரோடு எல்லாம் சைக்கிள் பாதை ஆகிவிடாது.

நம்ம ஊர்ல என்ன இருக்கு?

விருதுநகர் மாவட்டத்திலும் சுரங்கம் உண்டு. ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால்தான் அங்கே அரசு சிமெண்ட் ஆலையே வந்தது. ஆனால் கார்ன்வாலைப் பார்த்து குவாரிக்குள் சைக்கிளை விட்டுவிடாதீர்கள். வேலை நிற்கும் குவாரியும் ஒருவருடைய குத்தகையில் இருக்கலாம். தண்ணீர் தேங்கிய பழைய பள்ளங்கள் ஆழமானவை, ஓரம் சரியக்கூடியவை.

நமக்கு வாய்த்தவை வேறு: மாட்டு வண்டி போன வண்டிப்பாதைகள், கண்மாய்க் கரைகள், கிராமச் சாலைகள். பாரம் ஏற்றிய மாட்டு வண்டிக்காக அமைந்த பாதை பெரும்பாலும் செங்குத்தாக ஏறாது. கண்மாய்க் கரையோ நெடுக ஒரே மட்டமாக இருக்கும். சேத்தூருக்குக் கிழக்கே முகவூர், தளவாய்புரம், செட்டியார்பட்டி பக்கம் கிராமச் சாலைகளையும் இத்தகைய பாதைகளையும் இணைத்து ஒரு சுற்று போட்டுப் பார்க்கலாம்.

இந்தப் பாதை யாருடையது? போனில் பார்ப்பது எப்படி

கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்தால் மண் பாதைகள் கோடு கோடாகத் தெரியும். ஆனா அந்தக் கோடு பொதுப் பாதையா, ஒருவருடைய தோப்புக்குள் போகும் சொந்தப் பாதையா என்று படம் சொல்லாது. அதற்கு இப்படிச் செய்யுங்கள்:

1. தமிழ்நாடு அரசின் 'தமிழ்நிலம் ஜியோ இன்ஃபோ' வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கி, பாதையின் மேல் விரலை வையுங்கள். அந்த நிலத்தின் சர்வே எண்ணும் உட்பிரிவும் கிடைக்கும்.

2. வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவைக்குப் போங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, சர்வே எண்ணைக் கொடுத்து அ-பதிவேட்டைப் பாருங்கள். புறம்போக்கு நிலமா என்று சரிபார்க்கவும் அதே பக்கத்தில் வசதி உண்டு.

3. வகைப்பாட்டைப் படியுங்கள். 'வண்டிப்பாதை', 'பாதை' என்று இருந்தால் அது பொதுப் பயன்பாட்டுக்கான நிலம். ஒருவர் பேரில் பட்டா இருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. கண்மாய் என்றால், 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதைவிடச் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மழைக்காலத்தில் கரை இளகியிருக்கும்போது சைக்கிளோடு ஏற வேண்டாம். தடம் விழுந்த இடத்தில்தான் தண்ணீர் அரிக்க ஆரம்பிக்கும்.

மேற்கே போறவங்க கவனத்துக்கு

சேத்தூர், தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரம். பார்க்க ரொம்ப அழகு. ஆனால் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அந்த மலையில்தான் இருக்கிறது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். மேப்பில் பாதை தெரிகிறது என்பது அனுமதி ஆகாது. சாஸ்தா கோவில் பக்கம் போவதாக இருந்தாலும், வனத்துறையிடம் அன்றைக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

"சைக்கிள்தானே, சத்தமே வராதே" என்று நினைக்கலாம். ஆபத்தே அதுதான்! மோட்டார் வண்டிச் சத்தம் கேட்டால் யானை முன்கூட்டியே விலகலாம். சத்தமில்லாமல் வளைவில் திரும்பும் சைக்கிளை அது எதிர்பார்க்காது. அடிவாரத் தோப்புகளுக்கு யானைகள் இறங்கி வருவது உண்டு. எனவே வனத்தை ஒட்டிய பாதைகளில் விடிவதற்கு முன்பும், பொழுது சாய்ந்த பிறகும் போகவே போகாதீர்கள்.

கிளம்பும் முன்...

• அடிவாரத்தில் சிக்னல் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டிலேயே வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு லைவ் லொகேஷன் அனுப்பிவிடுங்கள்.

• தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் பதிவு செய்து வையுங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

• தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து எதிர்க்காற்று பலமாக இருக்கும். முதலில் மேற்கு நோக்கி மிதியுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும்.

• வண்டிப்பாதை ஓரங்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் இருக்கலாம். புதுப் பாதையை இருட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

• ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மாடு ஓட்டி வருபவர்களுக்கு வழி விடுங்கள்.

பாதை அடைபட்டிருந்தால்?

பதிவேட்டில் வண்டிப்பாதை என்று இருக்கிறது, நேரில் போனால் முள்வேலி. இப்படி நடந்தால் அங்கே நின்று சண்டை போட வேண்டாம். இருப்பிடம் பதிவாகும்படி ஒரு போட்டோ எடுங்கள். அ-பதிவேட்டு நகல், புலப்படத்தோடு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். போக முடியாதவர்கள் 1100 என்ற எண்ணில் 'முதல்வரின் முகவரி' துறையில் பதிவு செய்யலாம். சர்வே எண் குறிப்பிட்ட மனுவில் எந்த இடம் என்ற குழப்பம் இருக்காது. நில அளவையாளர் வந்து அளப்பதும் சுலபம்.

சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே இந்தப் பாதையைச் சீர்செய்யக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். சேத்தூர் பேரூராட்சி என்பதால் இங்குள்ளவர்கள் பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

கார்ன்வாலில் தண்டவாளம் போன பிறகும் நிலம் துண்டு துண்டாகப் போகாததால்தான் பாதை மிஞ்சியது. நம்ம வண்டிப்பாதைகள் பதிவேட்டில் இன்னும் இருக்கின்றன. நடமாட்டம் நின்ற பாதையை முள்ளும் வேலியும் சீக்கிரம் மூடிவிடும். ஆட்கள் போய்வந்துகொண்டே இருந்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் நெடுஞ்சாலையைத் தவிர்க்க ஒரு வழி மிஞ்சும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவிலிருந்து ஒரே ஒரு பாதையை எடுத்து, அதன் சர்வே எண்ணைப் பாருங்களேன்.