சுட்டி அசையாதபோது

அட்டன், நுவரெலியாத் தோட்டக் குடியிருப்புகளிற் கணினியின் சுட்டி அசையாது நின்றால், இயந்திரத்தையே அடியோடு புதுப்பிக்க முனைவாருண்டு. அது அவசரம்.

1964இல் உருவான ஏங்கல்பார்ட்டின் சுட்டி, மரப்பெட்டியும் இரு சக்கரங்களுமாக இருந்தது. கம்பி வாலைக் கண்டு எலியென்றனர். இன்றையதோ அடியிலிருந்து ஒளி பாய்ச்சி, மீளும் ஒளியால் அசைவை அறிகின்றது. கண்ணாடி மேசையிலும், மூடுபனியின் ஈரம் வில்லையிற் படிந்த வேளையிலும் அது தடுமாறும். வில்லையைத் துடைத்து, வெள்ளைத்தாளின்மீது வைத்து, இணைப்பை வேறு துளையிற் செருகிப் பார்த்தல் வேண்டும்.

அதற்கும் அசையாவிடின், அண்மையிற் சேர்த்த மென்பொருளே காரணமாகலாம். மீட்புப்புள்ளி முன்னரே பதிவாகியிருப்பின், விண்டோஸை அந்நாளின் நிலைக்குத் திருப்பலாம். விசைப்பலகையே அதற்குப் போதும். சொந்தக் கோப்புகள் அழியா.

'அனைத்தையும் நீக்குக' என்னும் வழியோ வேறு. உயர்தரப் பரீட்சைக்கென மாணவி தட்டெழுதிய குறிப்புகளும் அதனோடு போய்விடும். பிரதியொன்றை வெளியே எடுத்து வைக்கும்வரை அதனைத் தீண்டலாகாது.