பென்ஷனா, வேலையா?

போன மாசம் இனயத்தில் பழைய கூட்டாளி ஒருத்தன் கேட்டான். சின்ன வயசில் போலியோவால் கால் பாதிக்கப்பட்டவன். "மக்கா, மீன் ஏலக் கணக்கு எழுத மாசம் ஆறாயிரம் தாறதா சொல்லுகாவ. போனா பென்ஷன் நிக்கும்லா?"

கணக்குப் போட்டேன். தமிழக அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000-இலிருந்து 1,500 ஆனது. வருஷத்துக்கு 18,000. வேலையில், ஜூன் - ஜூலை மீன்பிடித் தடைக்காலம் போக, பத்து மாசத்துக்கு 60,000. வேலைதான் லாபம். பிறகு என்ன தயக்கம்?

பிரச்சினை தொகையில் இல்லை. பென்ஷன் நின்று, அடுத்த வருஷம் வேலையும் போனால், மனு, சான்றிதழ், விசாரணை என்று முதலிலிருந்து தொடங்கணுமோ என்ற பயம். 1,500 சின்னது, ஆனா நிச்சயமானது.

அமெரிக்காவில், உழைத்துச் சந்தா கட்டியவர்களுக்கான ஊனமுற்றோர் காப்பீட்டில், அறுபது மாதங்களுக்குள் ஒன்பது மாதம் வேலையைச் சோதித்துப் பார்க்கலாம். எவ்வளவு சம்பாதித்தாலும் உதவித்தொகை முழுசா வரும். அதன்பின் 36 மாதங்களுக்குள் வருமானம் வரம்புக்குக் கீழே இறங்கினால், புது மனு இல்லாமலே அந்த மாதத் தொகை திரும்பக் கிடைக்கும். ஏழைகளுக்கான இன்னொரு திட்டத்தில், சிறு விலக்குத் தொகை போக, இரண்டு டாலர் சம்பாதித்தால் ஒரு டாலர்தான் குறையும்.

நம்ம 2016 சட்டம் அரசு வேலையில் 4% ஒதுக்கீடு தருகிறது. உதவித்தொகை மற்றவர்களைவிட 25% கூடுதலா இருக்கணும் என்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பார்த்துத் திரும்பும் வழியை மட்டும் அது சொல்லவில்லை.

மென்பொருளில் புது வெர்ஷனை ஏற்றும்முன் பழசுக்குத் திரும்ப வழி வைப்போம். அவன் கேட்டதும் அதைத்தான். "துணிஞ்சு போ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.