விரலுக்குத் தெரியும் அயிலை

முத்துக்குப் பேர்போன கொற்கைக் கடலில் இன்று முத்துக்குளிப்பு இல்லை. ஆனால் முத்து விளைந்த அந்தக் கடலடிப் பார்களின் மேல் வள்ளத்தை நிறுத்திக் கைத்தூண்டில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கரைக்குக் கொண்டுவரும் ஒரு சிறிய மீனின் கதை இது.

அயிலை கடிப்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொடிமீன் கொத்தினால் நரம்பு துடிக்கும். கல்லில் தூண்டில் முள் மாட்டினால் அசையாமல் கனக்கும். அயிலை கவ்வினால் நரம்பு விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். அந்த ஓட்டத்தை உணர்ந்ததும் வெடுக்கென்று சுண்டக் கூடாது. அதன் வாய் மென்மையானது, கிழிந்துவிடும். ஒரே சீராக, கைக்குமேல் கை வைத்து இழுக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே வரும்போது முதுகில் பச்சையும் நீலமும் மின்னும், வயிறு வெள்ளிபோல் இருக்கும். வள்ளத்துக்குள் விழுந்த சற்று நேரத்தில் அந்த நிறம் மங்கத் தொடங்கிவிடும். கடலில் இருக்கும் அயிலையின் அழகைப் பிடித்தவர் மட்டுமே பார்க்கிறார்.

தென்கரையில் அயிலை என்போம். சென்னைச் சந்தையில் அதுவே கானாங்கெளுத்தி. இராமேசுவரம் பக்கத்திலும் இலங்கையிலும் கும்பளா. வஞ்சிரமும் சூரையும் இதற்கு நெருங்கிய உறவு. பெரிய வீட்டுப் பிள்ளைகளான அவை விலையில் எங்கோ போய்விட, அயிலை மட்டும் சாதாரண வீட்டுச் சட்டியை விட்டு அகலவில்லை.

இறகும் மின்னும் நூலும்

தூத்துக்குடி திரேஸ்புரம் நாட்டுப் படகுகளின் கரை. இங்கே அயிலையை அதிகமாகக் கொண்டுவருவது வலைதான். கைத்தூண்டில் அதற்கு அடுத்தபடி. ஆனால் கைத்தூண்டிலுக்குப் பெரிய முதல் வேண்டாம். மெல்லிய நரம்பு, அதன் அடியில் ஓர் ஈயக்குண்டு, குண்டுக்கு மேலே சாண் இடைவெளியில் நான்கைந்து சிறிய முட்கள் போதும். இரைக்குக் கணவாய்த் துண்டோ பொடி இறாலோ.

இரையே இல்லாமலும் அயிலை கடிக்கும். அதற்கு அதன் சாப்பாட்டு முறை காரணம். வளர்ந்த அயிலை வாயைத் திறந்தபடி நீந்தும். செவுளின் உட்பக்கம் இருக்கும் சீப்புப்போன்ற அமைப்பு தண்ணீரைச் சலித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வடித்துக்கொடுக்கும். நடுவில் பொடி இறாலோ மீன்குஞ்சோ மின்னிக்கொண்டு குறுக்கே போனால் பாய்ந்து கவ்வும். ஆகவே முள்ளில் ஒரு வெள்ளை இறகோ மினுமினுக்கும் நூலோ கட்டி மேலும் கீழும் ஆட்டினால் அதைக் குஞ்சு என்று நம்பி ஏமாறுகிறது. ஜப்பானில் இப்படிப்பட்ட முள்சரத்துக்குச் சபிகி என்று பெயர். பிரிட்டனிலும் நார்வேயிலும் கோடைக்காலத்தில் இறகு கட்டிய சரத்தோடு கரைப் பாறைகளில் நின்று அவர்கள் ஊர் அயிலையைப் பிடிப்பார்கள். அங்கே அந்தப் பாறைகளைச் சுற்றிக் கெல்ப் என்னும் பெரும்பாசி ஆள் உயரத்துக்கும் மேலாக வளர்ந்து நீருக்கடியில் காடுபோல நிற்கும்.

அந்தப் பாசி குளிர்நீரில்தான் வளரும், மன்னார் வளைகுடாவில் கிடையாது. நமக்கு வாய்த்தது வேறு தோட்டம். கட்டக்கோரை, பக்கடா, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று கடற்கரைப் பெண்கள் பெயர் சொல்லிப் பிரித்தறியும் பாசிகள் இங்கே உண்டு. கடற்புல் வெளிகள் உண்டு. பவளப்பாறைகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் அடித்தளமாகப் பார் உண்டு.

பார் என்னும் சொல்

கடலுக்கடியில் இருக்கும் கல்மேட்டைக் கடற்கரை மக்கள் பார் என்பார்கள். கொற்கையின் முத்துக்கள் வந்தது இந்தப் பார்களிலிருந்துதான். முத்துச்சிப்பி மணலில் வாழாது. பற்றிக்கொள்ள அதற்குக் கல் வேண்டும். கிரேக்கர்களின் பெரிப்ளுஸ் நூல் கொல்கோய் என்று குறிப்பிட்ட பாண்டியத் துறைமுகம், தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் தூர்ந்து, இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமமாக இருக்கிறது. துறைமுகம் தூத்துக்குடிக்குப் போனது. கடலுக்குள்ளிருக்கும் பார்கள் மட்டும் இடம் மாறவில்லை. 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். இயற்கையான முத்துவளம் திரும்பவில்லை.

முத்து போனாலும் பார் மீனை விடவில்லை. அயிலை பாரில் குடியிருக்கும் மீன் அல்ல. கூட்டமாக மேல்நீரில் ஓடும் மீன். ஆனால் நீவாடு, அதாவது நீரோட்டம், கல்மேட்டில் முட்டி மேலே எழும்பும் இடத்தில் நுண்ணுயிர்கள் சேரும், பொடி இறாலும் குஞ்சும் கூடும், அவற்றைத் தேடி அயிலை வரும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் தூண்டில்காரரின் படிப்பு. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை, ஒரு கோபுரமும் ஒரு பனையும் என்று வைத்துக்கொள்வோம், ஒரே நேர்கோட்டில் வரும்படி பார்த்து, இன்னொரு திசையிலும் அதேபோல் ஒரு கோடு பிடித்தால், இரண்டும் வெட்டும் இடத்துக்கு அடியில் பார் இருக்கும். இதைக் கணியம் பார்ப்பது என்பார்கள். இப்போது கையில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. அதில் ஏற்றிவைத்திருக்கும் இடங்களில் பல, தந்தையும் பாட்டனும் கணியத்தால் கண்டுபிடித்தவை.

இரண்டாயிரம் ஆண்டுப் புளிக்குழம்பு

அகநானூற்றின் அறுபதாம் பாட்டில் குடவாயிற் கீரத்தனார் ஒரு சாப்பாட்டைக் காட்டுகிறார். கடலுக்குப் போய்வந்த தந்தைக்கு மகள் சோறு போடுகிறாள். உப்பை விற்று மாற்றிக்கொண்ட நெல்லின் வெள்ளைச் சோறு. அதன்மேல் அயிலை போட்ட புளிக்குழம்பு. பாட்டில் வரும் ஊர் சேரனின் தொண்டி. ஆனால் உப்பளமும் அயிலையும் புளியும் சேர்ந்த அந்த வட்டில் தூத்துக்குடிக்காரர் யாருக்கும் அந்நியமாகத் தெரியாது. பெயர்கூட மாறவில்லை, இன்றும் அயிலைதான்.

மீன் வாங்கும்போது கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, வயிறு உடையாமல் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். அயிலைக்குச் செதில் பொடிசு, கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைக்கு ஒரு முறை வழித்தால் போதும். குடலை எடுத்தபின் வயிற்றின் உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதை விட்டால் குழம்பு கசக்கும். உடலின் இரண்டு பக்கமும் குறுக்கே இரண்டு கீறல் போட்டுக்கொள்ளலாம்.

தேங்காய், சின்ன வெங்காயம், சீரகம், மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள் எல்லாவற்றையும் வழுவழுப்பாக அரைத்துப் புளிக்கரைசலில் கலந்து மண்சட்டியில் கொதிக்கவிட வேண்டும். மாங்காய்க் காலமானால் நாலு துண்டு போட்டுப் புளியைக் குறைத்துக்கொள்ளலாம். பச்சை வாசனை போனபிறகே மீனைப் போட வேண்டும். போட்டபின் கரண்டி ஆகாது. சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும், மீன் உடையாது. எட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கி, கறிவேப்பிலை போட்டு மூடிவிடுங்கள். அயிலை கொழுப்புள்ள மீன். பொரிப்பதற்கும் அதிக எண்ணெய் கேட்காது. மிளகும் உப்பும் மஞ்சளும் தடவி, சிரட்டை நெருப்பில் சுட்டாலும் தன் நெய்யிலேயே வெந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. அயிலை விரைவில் கெடும் மீன். அதன் சதையில் ஹிஸ்டிடின் என்னும் சத்து மிகுதி. வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவக்கும், தோல் தடிக்கும், தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்த ஹிஸ்டமின் போகாது. ஆகவே பிடித்த உடனேயே ஐஸில் போட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கழுவிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலில் குவித்து வைத்த அயிலையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடலின் தரை

தூண்டில் முள்ளுக்கு அளவு உண்டு. ஒரு முள்ளுக்கு ஒரு மீன். குஞ்சு மாட்டினால் உயிரோடு திருப்பி விடலாம். பாசியைப் பெயர்க்காது, பாரை உடைக்காது. கடலின் தரையைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவை மடி அப்படியல்ல. கடற்புல்லும் பாசியும் பெயர்ந்து, குஞ்சுகள் ஒதுங்கும் இடம் வெறும் மணலாகிவிடும். இதுபோன்ற காரணங்களால் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இலேயே கரையிலிருந்து மூன்று கடல் மைல் தூரத்தை விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாத பகுதியாக வைத்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை இருப்பதும் மீன்கள் இனம் பெருக்குவதற்காகத்தான். காகிதத்தில் இருக்கும் இந்த மூன்று மைல் கடலிலும் இருந்தால் சிறுதொழில் மீனவர் பிழைத்துக்கொள்வார்.

தரையை இழந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடிக்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான விலாங்குச்சல்லி இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. சுற்றியிருந்த பவளப்பாறையைப் பல காலம் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தது அதற்கு முக்கியமான காரணம். அலையைத் தடுக்கும் பாறை போனதும் தீவும் போனது. பக்கத்தில் வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது. 2015-க்குப் பிறகு அதைச் சுற்றி கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கி அரிப்பைத் தடுக்க முயன்றார்கள். இயற்கை இலவசமாகக் கொடுத்த பாறையை வெட்டி விற்றுவிட்டு, கான்கிரீட்டில் பாறை செய்து கடலில் இறக்குகிறோம். மீன் வளர்ப்பதும் கரையைக் காப்பதும் ஒரே தரைதான் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

கொற்கையின் பார்கள் முத்தை இழந்துவிட்டன, அயிலையை இன்னும் இழக்கவில்லை. கைத்தூண்டிலில் பிடித்து ஐஸில் போட்டு வந்த மீனுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம். விரல்நீளக் குஞ்சு மீனைக் கூறுகட்டி விற்றால் வாங்காமல் நகரலாம். பூங்காத் தீவுகளைச் சுற்றியுள்ள பகுதியில் தூண்டிலும் போடாமல் இருக்கலாம். மூன்று மைல் எல்லையைக் காக்கச் சொல்லி அரசைக் கேட்கலாம். அடுத்த முறை மீன் சந்தைக்குப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: இந்த அயிலை வலையா, தூண்டிலா?